வீட்டில் வளர்த்த சிறு பிராணி இறந்துபோனால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முயல், ஹாம்ஸ்டர், கினி பிக், லவ் பேர்ட்ஸ், மீன் ஆகியவை அதிகம் வரும் கால்நடை மருத்துவமனை ஒன்றில் உதவியாளராக வேலை செய்கிறேன். பிராணி இறந்த மறுநாளோ மறுவாரமோ அதை வளர்த்தவர்களிடமிருந்து அழைப்பு வரும். அவர்கள் மருத்துவரிடம் கேட்கத் தயங்கி என்னிடம் கேட்ட கேள்விகளையே, பெரும்பாலும் அவர்களுடைய சொற்களில், இங்கே தொகுத்திருக்கிறேன்.

உடம்பு சில்லென்று இருக்கிறது, ஆனால் உண்மையிலேயே இறந்துவிட்டதா என்று தெரியவில்லை. எப்படி உறுதிசெய்வது?

விலாப்பக்கத்தை ஒரு நிமிடமாவது கண்ணெடுக்காமல் பார்த்து, மூச்சு இருக்கிறதா என்று கவனியுங்கள். முன்னங்கால்களுக்குப் பின்னால் நெஞ்சை இரு விரல்களால் மெல்லப் பிடித்து, துடிப்பு தெரிகிறதா என்று பாருங்கள். சுத்தமான பஞ்சின் நுனியால் கருவிழியை இலேசாகத் தொட்டால், மயங்கிக் கிடக்கும் பிராணிகூடப் பெரும்பாலும் கண்ணைச் சிமிட்டும். இறந்த சில மணி நேரத்தில் உடல் விறைக்கும். சிறிய உடல்களில், நம் ஊர் வெயிலில், அது விரைவாகவே தொடங்கிவிடும்.

ஹாம்ஸ்டர் விஷயத்தில் மட்டும் அவசரப்படக் கூடாது. குளிர் மிகுந்து இரையும் குறைந்தால் அது உறக்கநிலைக்குப் போகக்கூடும். அப்போது உடல் குளிர்ந்து, நிமிடத்துக்கு ஓரிரு முறை மட்டுமே மூச்சு வரும். ஊட்டி, கொடைக்கானல் போன்ற குளிர்ந்த ஊர்களில் இதை நினைவில் வைக்க வேண்டும். கைகளுக்குள் பொத்தி, அரை மணி நேரமாவது மெதுவாகச் சூடு கொடுத்துப் பார்த்துவிட்டு, ஐயம் இருந்தால் மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.

பிள்ளைகள் பள்ளியிலிருந்து வரும்வரை உடலை வைத்திருக்கலாமா?

வைத்திருக்கலாம். பழைய பருத்தித் துணியில் சுற்றி, எறும்பு ஏறாத, வீட்டிலேயே குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். பக்கத்தில் பனிக்கட்டிப் பை இருந்தால் நல்லது. கோடையில் மாலைக்கு மேல் தள்ளிப்போட வேண்டாம். இறப்பின் காரணத்தை அறிய உடற்கூறு ஆய்வு செய்வதாக இருந்தால், காற்றுப்புகாத உறையில் இட்டுக் குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைக்க வேண்டுமே தவிர, உறைபெட்டிக்குள் வைக்கக் கூடாது. உறைந்த திசுக்கள் சிதைந்து, ஆய்வுக்குப் பயன்படாமல் போய்விடும்.

அடுக்குமாடியில் இருக்கிறோம், ஒரு சாண் மண்கூட இல்லை. எங்கே புதைப்பது?

சொந்த மண் உள்ள உறவினர் அல்லது நண்பர் வீட்டைக் கேட்பதுதான் பலரும் கண்ட வழி. குழி இரண்டு முதல் மூன்று அடி ஆழம் இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் தெருநாய்கள் தோண்டிவிடும். கிணறு, ஆழ்துளைக் கிணறு ஆகியவற்றுக்கு அருகிலும், மழைக்காலத்தில் நீர் ஊறும் இடத்திலும் வேண்டாம். நெகிழிப் பையில் கட்டிப் புதைக்காதீர்கள்; துணி அல்லது அட்டைப்பெட்டி போதும். சிறு பறவையையோ மீனையோ ஆழமான பெரிய தொட்டியில் புதைத்துச் செடி நடுபவர்கள் இருக்கிறார்கள், அதிலும் தவறில்லை. ஆனால் முயல் அளவுள்ள உடலுக்குத் தொட்டி ஒத்துவராது.

எந்த வழியும் இல்லை என்றால் சிகிச்சை அளித்த மருத்துவமனையையோ, உள்ளாட்சி அலுவலகத்தையோ கேளுங்கள். பல நகரங்களில் ஏதேனும் ஓர் ஏற்பாடு இருக்கும். குப்பையோடு சேர்த்துப் போட்டுத் தூய்மைப் பணியாளர் கையில் தெரியாமல் ஒப்படைப்பது மட்டும் கூடாது. அது உங்கள் பிராணிக்கு மட்டுமல்ல, அந்தப் பையைப் பிரிக்கப்போகும் மனிதருக்கும் செய்யும் அவமதிப்பு. மருந்து ஊசியால் உயிர் நீக்கப்பட்ட உடலாக இருந்தால் ஆழத்தில் கொஞ்சமும் சமரசம் செய்யாதீர்கள். உடலில் தங்கியிருக்கும் மருந்து, அதைத் தோண்டித் தின்னும் நாயையும் காகத்தையும் கொன்றுவிடும்.

தீட்டு உண்டா? வீட்டில் விளக்கு ஏற்றலாமா?

நான் அறிந்த குடும்பங்களில் வளர்ப்புப் பிராணியின் சாவுக்குத் தீட்டுக் காப்பதில்லை. குளித்துவிட்டு வழக்கம்போல விளக்கேற்றுகிறார்கள். உங்கள் குடும்ப வழக்கம் வேறாக இருந்தால் வீட்டுப் பெரியவர் சொல்வதே முடிவு. ஒரு கைப்பிடி மண் போடுவது, பூ வைப்பது, அதற்குப் பிடித்த அருகம்புல்லையோ தினையையோ குழியில் தூவுவது, அவரவர் சமயத்துக்கு ஏற்ப ஒரு வேண்டுதலைச் சொல்வது ஆகியவற்றை எல்லாச் சமயத்தாரும் செய்து பார்த்திருக்கிறேன். சடங்கு எதுவும் வேண்டாம் என்று நினைப்பவர்களும் குழியை மூடிய பிறகு உடனே எழுந்து போய்விடாமல் சற்று நேரம் அங்கே இருப்பதைக் கவனித்திருக்கிறேன்.

ஒரு குருவிக்குக் கல் நட்டுப் பெயர் எழுதினால் பைத்தியம் என்று சொல்ல மாட்டார்களா?

சொல்பவர்களிடம் விழுப்புரம் பக்கத்து அரசலாபுரத்துக்குப் போய் வரச் சொல்லுங்கள். சண்டைச் சேவல் ஒன்றுக்காக ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்னர் ஊரார் எடுத்த நடுகல், சேவலின் உருவத்தோடும் வட்டெழுத்து வாசகத்தோடும் அங்கே கிடைத்திருக்கிறது. இந்தளூரில் கிடைத்த இன்னொரு கல்லில், கீழ்ச்சேரிச் சேவலுக்குப் பொற்கொற்றி என்ற பெயரே பொறிக்கப்பட்டிருக்கிறது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில், பல்லவன் முதலாம் மகேந்திரவர்மன் காலத்து நடுகல்லில், இறந்துபட்ட வீரனுக்குப் பக்கத்தில் அவனுடைய நாயும் நிற்கிறது. கோவிவன் என்னும் அந்த நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றது என்று கல்வெட்டு சொல்கிறது.

அவை வீரத்துக்கு எடுத்த கற்கள், என் குருவி எந்தப் போரில் இறந்தது என்று ஒரு பெண்மணி என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆயினும் ஒரு சேவலின் பெயர் மறந்துபோகக் கூடாது என்று ஓர் ஊரே நினைத்திருக்கும்போது, உங்கள் வீட்டுத் தொட்டியில் ஒரு கூழாங்கல்லை வைக்க யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

முயல்தானே, இதற்குப் போய் இப்படியா என்கிறார்கள். நான் அழுவது இயல்புதானா?

இயல்புதான். நாய்க்கு அழுதால் ஓரளவு புரிந்துகொள்ளும் சுற்றம், ஹாம்ஸ்டருக்கு அழுதால் சிரிக்கிறது. அந்தச் சிரிப்பு துக்கத்தோடு வெட்கத்தையும் சேர்த்துவிடுகிறது. சமூகம் துக்கமாக ஏற்றுக்கொள்ளாத இழப்புகள் தனியாகக் கவனிக்கப்பட வேண்டியவை என்பதை அமெரிக்க ஆய்வாளர் கென்னத் டோகா 1989இல் விரிவாக எழுதினார். வளர்ப்புப் பிராணியின் சாவு அந்த வகைக்கு அடிக்கடி காட்டப்படும் எடுத்துக்காட்டு. ஆறுதல் சொல்ல ஆள் வருவதில்லை, விடுப்பு கிடைப்பதில்லை, எனவே துக்கப்படுபவர் தனியாகவே அதைச் சுமக்கிறார்.

இதில் பிராணியின் எடை ஒரு பொருட்டே அல்ல. காலையில் எழுந்ததும் தண்ணீர் மாற்றியது, கீரைக்காரரிடம் கூடுதலாக ஒரு கட்டு வாங்கியது, இரவில் கூண்டின் மேல் துணி போட்டது என்று ஒரு நாளின் எத்தனை இடங்களில் அது இருந்ததோ, அத்தனை இடங்களும் இப்போது வெறுமையாகின்றன. முப்பது கிராம் எடையுள்ள பறவைக்கும் அன்றாடம் செய்யும் வேலை பெரிய நாய்க்குச் செய்வதைவிட மிகவும் குறைந்ததல்ல.

நேற்று இரவுவரை நன்றாகத்தான் இருந்தது. எப்படி ஒரே இரவில் போகும்?

பெரும்பாலும் ஒரே இரவில் போவதில்லை; நமக்குத் தெரிந்தது ஒரே இரவில். முயலும் கினி பிக்கும் சிறு பறவைகளும் காட்டில் பிற விலங்குகளுக்கு இரையாகும் இனங்கள். நோயுற்றது வெளியே தெரிந்தால் முதலில் பிடிபடும் என்பதால், நோயை மறைப்பது அவற்றின் உடலோடு வந்த இயல்பு. பட்ஜி என்னும் சிறு கிளி வகைப் பறவை இறகுகளை உப்பிக்கொண்டு கூண்டின் அடித்தட்டில் உட்காரும்போதே நோய் முற்றியிருக்கும். அதுவரை அது உணவுக் கிண்ணத்தருகே நின்று உமியைக் கொத்திக்கொண்டிருக்கும். பார்ப்பவர்களுக்கு நன்றாகத் தின்பதுபோலவே தோன்றும்.

முயலின் குடல் தொடர்ந்து இயங்கியாக வேண்டும். வலியாலோ, அச்சத்தாலோ, நார்ச்சத்து இல்லாத உணவாலோ குடல் நின்றுவிட்டால், அரை நாள் சாப்பிடாமல் இருப்பதே அவசர நிலையாகிவிடும். கருத்தடை செய்யாத பெண் முயல்களுக்கு நான்கு வயதுக்கு மேல் கருப்பைப் புற்றுநோய் வருவது மிகவும் சகஜம். வெளியே எதுவும் தெரியாது. பெண் பறவைகளுக்கு முட்டை உள்ளேயே அடைத்துக்கொண்டு ஒரு நாளில் உயிர் போகலாம். மறுபுறம், சில சாவுகள் முதுமையால் வருபவை: ஹாம்ஸ்டரின் ஆயுளே இரண்டு அல்லது மூன்று ஆண்டுகள்தான், கினி பிக் ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் இருக்கும், நன்கு பேணப்படும் முயல் எட்டு முதல் பன்னிரண்டு ஆண்டுகள் வாழும். வாங்கும்போது கடையில் இதை யாரும் சொல்வதில்லை.

என் தவறால்தான் செத்ததா? உண்மையைச் சொல்லுங்கள்.

இந்தத் தொகுப்பில் எல்லாரும் கேட்கும் கேள்வி இதுதான். மற்றவற்றில் பாதி, இதைக் கேட்பதற்கான முன்னுரை. இல்லவே இல்லை, உங்கள் தவறு எதுவும் இல்லை என்று எல்லாரிடமும் ஒரேமாதிரி சொல்லி அனுப்புவது எனக்கு உடன்பாடில்லை. கேட்பவர்கள் அதை நம்புவதில்லை. வீட்டுக்குப் போய் இரவு முழுதும் தேடிப் படிப்பார்கள், அப்போது காரணம் தெரிந்துவிடும். எனவே தெரிந்ததைச் சொல்கிறேன். சூடேறிப் புகையும் நான்-ஸ்டிக் சட்டியின் வாயு, சமையலறைக்கு அருகிலிருக்கும் பறவையைச் சில நிமிடங்களில் கொல்லக்கூடியது. நாய்க்கு உண்ணி போக அடிக்கும் ஃபிப்ரோனில் மருந்து முயலுக்கு நஞ்சு. மனிதருக்குக் கொடுக்கும் அமாக்சிசிலினை வாய்வழியாகக் கொடுத்தால் முயல், கினி பிக், ஹாம்ஸ்டர் மூன்றுக்கும் குடல் கெட்டு உயிர் போகலாம். முயலுக்கு வியர்க்காது, முப்பது பாகை செல்சியசுக்கு மேல் அது திணறத் தொடங்கும் என்பதால், மே மாதத்துப் பால்கனி அதற்கு ஆபத்தான இடம். கினி பிக்கின் உடல் வைட்டமின் சி-யைத் தானாக உண்டாக்கிக்கொள்ளாது; நெல்லிக்காய், குடைமிளகாய் போன்றவை கிடைக்காவிட்டால் நலிந்துபோகும். மாநகராட்சிக் குழாய் நீரில் உள்ள குளோரினை நீக்காமல் தொட்டியின் முழு நீரையும் மாற்றினால் மீன்கள் சாகும்.

இவற்றில் ஒன்று உங்கள் வீட்டில் நடந்திருந்தால், ஆம், காரணம் அதுவாக இருக்கலாம். ஆனால் காரணமாக இருந்ததும் குற்றம் செய்ததும் ஒன்றல்ல. குற்றம் என்பதற்குத் தெரிந்திருக்க வேண்டும், அல்லது தெரிந்துகொள்ள வாய்ப்பிருந்தும் அலட்சியம் செய்திருக்க வேண்டும். இன்று படித்தறிந்ததைக் கையில் வைத்துக்கொண்டு, அது தெரியாதிருந்த போன வார மனிதரை விசாரிக்கிறீர்கள். அன்று இருந்த அறிவோடும் பணத்தோடும் நேரத்தோடும் நீங்கள் நடந்துகொண்ட விதத்தில் அக்கறை இருந்ததா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். அலட்சியம் உண்மையிலேயே இருந்திருந்தால் வருத்தம் நியாயமானதுதான். அதை இன்னொரு முயல் வளர்ப்பவரிடம் எச்சரிக்கையாகச் சொல்வதற்குப் பயன்படுத்துங்கள்.

மருத்துவரிடம் கொண்டு போயிருந்தால் பிழைத்திருக்குமா?

மேலே சொன்னபடி, அறிகுறி தெரியும்போதே பல சமயம் காலம் கடந்திருக்கும். இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: சிறு பிராணிகளையும் பறவைகளையும் பார்த்துப் பழகிய மருத்துவர்கள் பெருநகரங்களுக்கு வெளியே மிகவும் குறைவு. சென்னையில் இருப்பவர்களுக்கு, 1903இல் தொடங்கப்பட்ட வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியும் அதன் மருத்துவமனையும் இருக்கின்றன. ஒரு வட்டத் தலைநகரில் இருப்பவருக்கு மாடும் ஆடும் கோழியும் பார்க்கும் மருத்துவரே கிடைப்பார். அவரைக் குறை சொல்லவில்லை, அவருடைய அன்றாட அனுபவம் வேறு. போயிருந்தாலும் என்ன நடந்திருக்கும் என்பதைத் திருப்பித் திருப்பிக் கணக்கிடுவதில் முடிவு கிடையாது.

உடற்கூறு ஆய்வு செய்து பார்ப்பது நல்லதா? அறுத்துப் பார்க்க மனம் வரவில்லை.

வீட்டில் வேறு பிராணிகள் இருந்தால் செய்வது நல்லது. ஒன்றே ஒன்று இருந்து இறந்திருந்தால் அது உங்கள் விருப்பம். காரணம் தெரிந்தால் மனம் அடங்கும் என்று நினைப்பவர்களுக்கு அது உதவியிருக்கிறது. தெரிந்த காரணமே புதிய வேதனையான சிலரையும் பார்த்திருக்கிறேன். அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் விசாரிக்கலாம்.

பல பறவைகள் அடுத்தடுத்து இறந்தால் மட்டும் இது விருப்பத்துக்கு உரியதல்ல. வெறும் கையால் தொடாமல், முகக்கவசமும் கையுறையும் அணிந்து, கால்நடை பராமரிப்புத் துறைக்குத் தெரிவியுங்கள். பறவைக் காய்ச்சலும், காய்ந்த எச்சத்தூசி வழியாக மனிதருக்குப் பரவும் கிளிக் காய்ச்சலும் உண்டு. கூண்டைச் சுத்தம் செய்யும்போதும் எச்சத்தை நனைத்த பிறகே துடைக்க வேண்டும்.

வலி தாங்காமல் துடித்தது, ஊசி போடச் சம்மதித்தேன். நானே கொன்றுவிட்டேனா?

உயிர் பிழைக்க வழியில்லாத, வலி மட்டுமே மிஞ்சியிருந்த ஒன்றின் வலியை நிறுத்தினீர்கள். முதலில் மயக்கம் வரும், பிறகே உயிர் போகும்; அது முறையாகச் செய்யப்படும்போது துடிப்பு இருக்காது. கடைசி நேரத்தில் கால் அசைவதும் மூச்சுபோல் ஒன்று வருவதும் தசைகளின் வேலை, வலி அல்ல. இதை முன்கூட்டியே சொல்லாததால் பலர் அந்தக் காட்சியைச் சுமந்துகொண்டு அலைகிறார்கள்.

ஒருநாள் பொறுத்திருக்கலாமோ என்று நினைப்பவர்களும் உண்டு, ஒருநாள் முன்பே செய்திருக்கலாமோ என்று நினைப்பவர்களும் உண்டு. சரியான மணித்துளி என்று ஒன்று எந்த மருத்துவருக்கும் தெரியாது. செலவும் ஒரு காரணமாக இருந்தது என்று குரல் தாழ்த்திச் சொல்பவர்களுக்கு: அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மாதச் சம்பளத்தில் பாதியை அறுவை சிகிச்சைக்குக் கேட்கும்போது, அரிசியையும் பள்ளிக் கட்டணத்தையும் நினைத்துப் பார்க்காத குடும்பம் எது?

பிள்ளையிடம் "ஊருக்குப் போயிருக்கிறது" என்று சொல்லிவிடலாமா?

வேண்டாம். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குச் சாவு திரும்பி வராத ஒன்று என்பது பிடிபடாது. ஊருக்குப் போனது என்றால் என்று வரும் என்று தினமும் கேட்கும். "தூங்குகிறது" என்று சொன்னால், படுக்கப்போக அஞ்சும் பிள்ளைகள் உண்டு. "செத்துப்போயிற்று, இனிமேல் மூச்சு விடாது, சாப்பிடாது, அதற்கு வலிக்காது" என்று எளிய சொற்களில் சொல்லுங்கள். ஐந்து முதல் ஏழு வயதுக்குள் பெரும்பாலான பிள்ளைகள் இதைப் புரிந்துகொள்ளத் தொடங்குவார்கள், அதன் தொடர்ச்சியாக "நீயும் சாவியாம்மா?" என்ற கேள்வி வரும். தடுமாறாதீர்கள்; "நான் உன்னோடு நெடுநாள் இருப்பேன்" என்று சொல்வது பொய்யாகாது.

புதைக்கும் இடத்துக்கு வருகிறாயா என்று கேளுங்கள், கட்டாயப்படுத்த வேண்டாம். குழந்தை அழுதுவிட்டுப் பத்து நிமிடத்தில் விளையாடப் போனால் அதற்குப் பாசமில்லை என்று பொருளல்ல, குழந்தைகளின் துக்கம் அப்படித்தான் விட்டுவிட்டு வரும். "நான் தண்ணீர் வைக்க மறந்தேன், அதனால்தானே?" என்று பிள்ளை கேட்டால், அந்தப் பொறுப்பு பெரியவர்களுடையது என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். ஏழு வயதுப் பிள்ளையிடம் ஓர் உயிரின் முழுப் பொறுப்பையும் ஒப்படைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அதே நிறத்தில் இன்னொன்றை வாங்கி, பிள்ளை வருவதற்குள் வைத்துவிட்டால் என்ன?

பலர் செய்கிறார்கள், குறிப்பாகப் பறவையிலும் மீனிலும். பிள்ளைகள் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடுவார்கள். கண்டுபிடித்த பிறகு, இழந்த பறவைக்கு அழவும் முடியாது, உங்களிடம் கேட்கவும் முடியாது. முந்தைய பதிலில் சொன்ன ஐந்து நிமிடப் பேச்சு கடினமானதுதான், ஆனால் அது ஒரே ஒரு முறைதான்.

ஜோடியில் ஒன்று போய்விட்டது. மற்றது மூலையிலேயே உட்கார்ந்திருக்கிறது. என்ன செய்வது?

இணையாக வாழ்ந்த முயலும் கினி பிக்கும் பறவையும் துணையைத் தேடுவதை வளர்ப்பவர்கள் பலர் கண்டிருக்கிறார்கள். முயலாக இருந்தால், தொற்றுநோய் ஐயம் இல்லாதபோது, இறந்த உடலைச் சிறிது நேரம் அதனருகில் வைப்பது நல்லது என்று மருத்துவர்கள் சொல்வதுண்டு. முகர்ந்து பார்த்துவிட்டுப் பிறகு தேடுவதை நிறுத்திவிடும். முக்கியமாகக் கவனிக்க வேண்டியது உணவு. முயலோ கினி பிக்கோ பன்னிரண்டு மணி நேரம் எதுவும் தின்னாமலும் புழுக்கை போடாமலும் இருந்தால், துக்கம்தானே என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் செல்லுங்கள். குடல் பற்றி மேலே சொன்னது இங்கும் பொருந்தும்.

புதிய துணையை அன்றைக்கே வாங்கிக் கூண்டில் விடாதீர்கள். இறந்ததற்குத் தொற்று காரணமாக இருந்தால் புதியதும் சாகும். புதியது நோயோடு வந்தால் இருப்பதும் சாகும். சில வாரங்கள் தனியறையில் வைத்துப் பார்த்து, பிறகு இரண்டுக்கும் பழக்கமில்லாத பொது இடத்தில் அறிமுகப்படுத்த வேண்டும். முயல்கள் தம் இடத்துக்குள் வரும் புதியதைக் கடித்துக் குதறிவிடும்.

வீட்டுக்கு வர இருந்த கண்டத்தை அது வாங்கிக்கொண்டு போனது என்கிறார் மாமியார். நம்பலாமா?

நம்புவதும் நம்பாததும் உங்களைப் பொறுத்தது. மருத்துவ அடிப்படை எதுவும் இல்லை. ஃபிளவர்ஹார்ன், அரோவானா மீன்கள் இறக்கும்போது இதை மிகுதியாகக் கேட்கிறேன். பெரியவர்கள் இதை ஆறுதலாகவே சொல்கிறார்கள், அதற்காக அவரோடு வாதிட வேண்டியதில்லை. ஆனால் எனக்காக அது செத்ததா என்று ஒரு பிள்ளை அஞ்சத் தொடங்கினால் அந்தப் பேச்சை நிறுத்திவிட வேண்டும். அடிக்கடி மீன் இறந்தால், கண்டத்தைத் தேடுவதற்கு முன் தொட்டி நீரைச் சோதித்துப் பாருங்கள்.

தனியாக இருக்கும் அப்பாவுக்கு அந்தப் பறவைதான் பேச்சுத்துணை. இப்போது அவர் பேசுவதே இல்லை.

இதை மெத்தனமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பணி ஓய்வுக்குப் பிறகு, அல்லது துணைவியை இழந்த பிறகு, ஒரு பறவைக்குத் தினை வைப்பதே அவர் காலை ஆறு மணிக்கு எழ ஒரு காரணமாக இருந்திருக்கும். "வேறொன்று வாங்கித் தருகிறேன்" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லாதீர்கள். அந்தப் பறவையைப் பற்றி அவரைப் பேசவிடுங்கள். அது எப்படிச் சத்தமிடும், எந்தக் கையில் வந்து உட்காரும் என்று நீங்களே கேளுங்கள். காலையில் தவறாமல் அழையுங்கள்.

உணவு குறைந்தாலோ, உறக்கம் கெட்டாலோ, "இனி எனக்கு என்ன இருக்கிறது" என்பது போன்ற பேச்சு வந்தாலோ, காத்திருக்க வேண்டாம். ஒன்றிய அரசு 2022இல் தொடங்கிய டெலி மானஸ் என்னும் தொலைபேசி மனநல உதவிச் சேவையின் 14416 என்ற எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம். பிராணிக்காக அழுகிறேன் என்று சொன்னால் சிரிப்பார்களோ என்று தயங்க வேண்டாம்.

எத்தனை நாள் இப்படி இருக்கும்? ஐந்து கட்டங்கள் உண்டாமே, நான் எதில் இருக்கிறேன்?

மறுப்பு, கோபம் என்று தொடங்கும் அந்த ஐந்து கட்டங்களை மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969இல் எழுதியது, தாமே சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளைப் பற்றி. பிறகு எல்லாத் துக்கத்துக்கும் அது அட்டவணையாக்கப்பட்டது. வரிசைப்படி கடந்தாக வேண்டிய படிகள் எவையும் இல்லை. பலருக்குச் சில வாரங்களில் கூர்மை குறையும். பிறகு கொத்தமல்லிக் கட்டைப் பார்த்தோ, பக்கத்து வீட்டுக் குருவிச் சத்தத்தைக் கேட்டோ திடீரென்று திரும்பி வரும்.

கூண்டை உடனே அகற்ற வேண்டும் என்றோ, வைத்திருக்க வேண்டும் என்றோ விதி இல்லை. வீட்டில் ஒருவருக்குத் தெரியாமல் இன்னொருவர் அகற்றிவிடுவதுதான் சண்டையில் முடிகிறது, கேட்டுவிட்டுச் செய்யுங்கள். அது இரை தின்ற நேரத்தில் வேறு ஏதாவது சிறு வேலையை வைத்துக்கொள்வது பலருக்குப் பயன்பட்டிருக்கிறது.

வளர்த்தது பச்சைக்கிளி. வெளியே சொல்லவே பயமாக இருக்கிறது.

நம் நாட்டுக் கிளியினங்களைப் பிடிப்பதும் விற்பதும் வீட்டில் வளர்ப்பதும் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இந்த அச்சத்தால் நோயுற்ற கிளியை மருத்துவரிடம் காட்டாமலே விட்டு, பிறகு அதற்காகவும் வருந்துபவர்கள் இருக்கிறார்கள். உங்கள் துக்கம் பொய்யல்ல. ஆனால் அந்த இடத்தை இன்னொரு பச்சைக்கிளியால் நிரப்பாதீர்கள். சந்தைக்கு வரும் ஒவ்வொரு கிளிக்குஞ்சும் ஏதோ ஒரு மரப்பொந்திலிருந்து திருடப்பட்டதுதான்.

கணவர் கதவைத் திறந்து வைத்தார், பூனை கிளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. அவரை மன்னிக்க முடியவில்லை.

குற்றத்தைப் பற்றி முன்பு சொன்ன அளவுகோல் அவருக்கும் உரியது: மறதியா, அலட்சியமா? பலமுறை சொல்லியும் கேட்காதவர் என்றால் உங்கள் கோபத்துக்குக் காரணம் உண்டு. அதைக் கிளியைப் பற்றிய கோபமாகவே பேசுங்கள், பத்தாண்டுப் பழைய கணக்குகளை அதோடு சேர்க்காதீர்கள். ஒருமுறை மறந்தவர் என்றால், அவரும் அந்தக் கதவை மனத்துக்குள் பலமுறை மூடிக்கொண்டிருப்பார். பெரும்பாலான ஆண்கள் இதை வாய்விட்டுச் சொல்வதில்லை. வேறொரு நாளில், தனியாக வந்து என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். பூனையைத் தண்டிப்பதில் பயனில்லை, அது பூனை.

இன்னொன்று எப்போது வாங்கலாம்? வாங்கினால் இதற்குத் துரோகம் ஆகாதா?

ஆகாது. ஆனால் இறந்ததன் பெயரையே புதியதற்கு வைக்கும் விருப்பம் நீங்கும்வரை பொறுத்திருப்பது நல்லது. அந்த விருப்பம் இருக்கும்வரை புதியதை அதன் குணத்தோடு பார்க்க முடியாது. கூண்டு, உணவு, வெப்பம் குறித்து மேலே சொன்னவற்றில் எது தவறியதோ அதைச் சரிசெய்த பிறகே வாங்குங்கள். இனி வேண்டாம் என்று முடிவுசெய்பவர்களையும் வற்புறுத்தாதீர்கள்.

அம்மா இறந்தபோதுகூட நான் இவ்வளவு அழவில்லை. ஒரு குருவிக்கு இப்படி அழுவது சரியா?

அம்மா இறந்த அன்று உங்களுக்கு வேலை இருந்தது. சொந்தங்களுக்குச் சொல்லியனுப்ப வேண்டும், வந்தவர்களுக்குக் காபி கொடுக்க வேண்டும், பதினாறாம் நாள்வரை காரியங்களை நடத்த வேண்டும், இறப்புச் சான்றிதழுக்கு அலைய வேண்டும். குருவி இறந்த அன்று உங்களிடம் யாரும் எதையும் எதிர்பார்க்கவில்லை. அழுவதற்கு நேரம் இருந்தது. அந்தக் குருவி அம்மா வளர்த்ததாகவோ, அம்மாவின் கடைசி மாதங்களில் வீட்டில் இருந்ததாகவோ இருந்தால், அதன் சாவோடு அந்த வீட்டில் அம்மாவை அறிந்த ஓர் உயிரும் போய்விட்டது. இந்தக் கேள்வியைக் கேட்பவர்களில் பலர் ஆண்கள், மூத்த பிள்ளைகள்.

எது குருவிக்கு, எது அம்மாவுக்கு என்று பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை. உடன்பிறந்தவர் ஒருவரை அழைத்து, குருவி இறந்ததைச் சொல்லுங்கள். பேச்சு தானாகவே அம்மாவிடம் போகும், போகட்டும். பல வாரங்களுக்குப் பிறகும் வேலையும் உறக்கமும் பாதிக்கப்பட்டிருந்தால், முன்னர் குறிப்பிட்ட எண்ணிலோ, அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவிலோ பேசுங்கள். அங்கே குருவியிலிருந்தே தொடங்கலாம்.